ஒரு ரிங்கிட் எப்போதும் ஒரு ரிங்கிட்: கடன் வாங்கி முதலீடு செய்வது என்றால் என்ன?

சென்ற முறை முன்னோருக்குப் படையலிடும் எங்கள் படைப்பு வீட்டில் பங்காளிகள் கூடியபோது, கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த தம்பி மகன் ஒருவன் பட்டாலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுடைய ஐயா காலத்திலேயே மலாயாவில் தங்கிவிட்ட குடும்பம். அவன் பிறப்பிலேயே மலேசியக் குடிமகன். தமிழ் நன்றாகப் பேசுவான், கணக்கு அதைவிட நன்றாகப் போடுவான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

“பெரியப்பா, என்னோடு வேலை பார்க்கும் மலாய் நண்பர் வங்கியில் 2 லட்சம் ரிங்கிட் கடன் வாங்கி, அதை அப்படியே அமானா சஹாம் என்ற முதலீட்டு நிதியில் போட்டுவிட்டார். கடனுக்கு வட்டி நாலரை, அங்கே கிடைப்பது ஐந்தரை. உட்கார்ந்த இடத்தில் ஒரு சதவீதம் லாபம் என்கிறார். நானும் கடன் வாங்கிப் போடலாமா?”

நான் வாய் திறப்பதற்குள் இரண்டாங்கட்டில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் அங்கிருந்தே கேட்டார்: “வட்டி முழு முதலுக்கா, குறைகிற பாக்கிக்கா?”

அவன் விழித்தான். அந்த ஆச்சி எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். அவருடைய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் அவனுடைய விஷயத்தில் எல்லாம் அதில்தான் வந்து நின்றது. முதலில் அவனுக்கு நான் சொன்னதை, இந்தப் பெயர்களையே கேள்விப்படாதவர்களுக்கும் புரியும்படி எழுதிப் பார்க்கிறேன். செட்டிநாட்டில் வீட்டுக்கு ஒருவராவது மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பதால், இந்தக் கேள்வி வேறு வளவுகளிலும், அதாவது வீடுகளிலும், எழக்கூடும்.

யூனிட் டிரஸ்ட் என்பது பலருடைய பணத்தை ஒன்றாகத் திரட்டிப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போடும் ஏற்பாடு. நம் ஊரில் மியூச்சுவல் ஃபண்ட் என்கிறோம். போட்ட பணத்துக்கு ஈடாக யூனிட்டுகள் தருவார்கள். நிதி வைத்திருக்கும் பங்குகளின் சந்தை மதிப்பு இன்று ஏறினால் யூனிட்டின் விலையும் ஏறும், நாளை இறங்கினால் இறங்கும். இது வழக்கமான வகை.

மலேசியாவில் இன்னொரு வகை உண்டு. அதில் யூனிட்டின் விலை மாறவே மாறாது. வாங்கும்போதும் ஒரு ரிங்கிட், பத்து வருடம் கழித்து விற்கும்போதும் ஒரு ரிங்கிட். லாபம் விலை ஏற்றத்தில் வராமல், வருடத்துக்கு ஒருமுறை அறிவிக்கப்படும் ஈவுத்தொகையாக வரும். யூனிட்டுக்கு இத்தனை சென் என்று சொல்வார்கள். 100 சென் சேர்ந்தால் ஒரு ரிங்கிட் என்பதால், 5 சென் என்றால் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவற்றில் பெரியது அமானா சஹாம் பூமிபுத்ரா. 1978இல் தொடங்கப்பட்ட பெர்மோடாலான் நசியோனல் பெர்ஹாட் என்ற அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனத்தின் குடையின் கீழ் 1990 ஜனவரியில் பிறந்தது. நாட்டின் பங்குச் செல்வத்தில் மலாய்க்காரர் உள்ளிட்ட மண்ணின் மைந்தர்களான பூமிபுத்ராக்களின் பங்கை உயர்த்த வேண்டும் என்று 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கையின் பிள்ளை இது. அதனால் பூமிபுத்ராக்கள் மட்டுமே இதில் சேரலாம். ஒருவருக்கு 2 லட்சம் ரிங்கிட் என்று நெடுங்காலம் இருந்த உச்சவரம்பு பின்னர் 3 லட்சமாக உயர்ந்தது. 2000ஆம் ஆண்டில் வந்த அமானா சஹாம் மலேசியா, இனப் பாகுபாடின்றி எல்லா மலேசியக் குடிமக்களுக்கும் உரியது. அதிலும் விலை ஒரு ரிங்கிட்தான். ஆனால் யூனிட்டுகளின் எண்ணிக்கைக்கு அளவு உண்டு. இன்று தீர்ந்துவிட்டது என்று கேட்டுத் திரும்பி வந்து, மறுநாள் மீண்டும் போய்க் கேட்பது அங்குள்ள நம்மவர்களுக்குப் பழகிப்போன காரியம். இந்தியக் குடிமகனான நான் இரண்டிலும் சேர முடியாது.

பெயரைப் பற்றி ஒரு சின்ன இடைச்செருகல். சஹாம் என்றால் பங்கு. அமானா என்பது அரபு வழி வந்த சொல், நம்பி ஒப்படைத்தது என்று பொருள். நம் பேரேடுகளில் ‘அனாமத்து’ என்று எழுதுகிறோமே, அது இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். பையனிடம் இதைச் சொன்னபோது, கணக்கைவிட இதைத்தான் அவன் அதிகம் ரசித்தான்.

சரி, பங்குச் சந்தை தினமும் ஆடுகிறது. நிதியின் பணம் பெரும்பாலும் பங்குகளில் இருக்கிறது. யூனிட் விலை மட்டும் எப்படி ஆடாமல் நிற்கிறது? ஆட்டம் நின்றுவிடவில்லை, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது. பங்குகளின் மதிப்பு ஏறினால் அந்த ஏற்றம் நிதிக்குள் தங்குகிறது, இறங்கினால் இறக்கமும் அங்கேயே தங்குகிறது. நிறுவனங்கள் தந்த ஈவும், பங்குகளை விற்றுக் கண்ட லாபமும் மட்டும் வருடக் கடைசியில் வெளியே வருகின்றன. நல்ல வருடங்களில் கொஞ்சம் பிடித்து வைத்து மோசமான வருடங்களில் கொடுக்க முடிகிறது. எல்லாரும் ஒரே நாளில் பணம் கேட்டு வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையும், வந்தாலும் பின்னால் பெரிய கை இருக்கிறது என்ற நம்பிக்கையும் சேர்ந்து அந்த ஒரு ரிங்கிட்டைத் தாங்குகின்றன. இதுவரை அந்த விலை பிசகியதில்லை. ஆனால் வங்கி வைப்புக்கு உள்ளதுபோல் சட்டம் தரும் உத்தரவாதம் இதற்கு இல்லை.

அடுத்தது ஈவுத்தொகை. விலை நிலையானது என்பதைக் கேட்டதும் வரவும் நிலையானது என்று மனம் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. அப்படி இல்லை. பூமிபுத்ரா நிதி 1990களில் போனஸோடு சேர்த்து 10 சென்னுக்கு மேல் கொடுத்தது. 2018இல் 7 சென். 2023இல் 5.25 சென்.

இப்போது கடனுக்கு வருவோம். மலேசிய வங்கிகள் பூமிபுத்ரா நிதியின் யூனிட்டுகளை வாங்குவதற்கென்றே தனிக் கடன் தருகின்றன. கடன் பணம் கைக்கு வராது. நேராக யூனிட்டுகளாக மாறி, அந்த யூனிட்டுகளே வங்கியிடம் அடமானமாக நிற்கும். 30 வருடம், அதற்கு மேலும்கூடத் தவணை கிடைக்கும்.

இதில் ஒரு நியாயமான சந்தேகம் எழ வேண்டும். நாலரைக்கு வாங்கி ஐந்தரைக்குப் போடுவது அத்தனை சுலபமான லாபமென்றால், வங்கி அந்தப் பணத்தை நேராக அங்கே போட்டுக்கொள்ளாதா? நமக்கு எதற்காகக் கொடுக்கிறது? வங்கி போட முடியாது என்பதே பதில். தனிமனிதர்கள்தான் சேரலாம், அவர்களுக்கும் உச்சவரம்பு உண்டு. விலை குறையாத அடமானம் கையில் இருப்பதால் வங்கிக்குக் கடன் மூழ்கும் பயம் மிகக் குறைவு. அதனால்தான் வட்டியும் குறைவு. ஆக, அந்த ஒரு சதவீத இடைவெளி சந்தையில் தானாக முளைத்ததில்லை. ஒரு கொள்கை, ஒரு சாராருக்கென்று, ஓர் அளவுக்குள் உண்டாக்கி வைத்திருக்கும் இடைவெளி அது. வேறு இடத்தில் அதே கணக்கைப் போட்டால் விடை மாறும்.

கணக்கையும் போட்டுப் பார்த்தோம். 1 லட்சம் ரிங்கிட் கடன், வட்டி 4.5 சதவீதம், 30 வருடம். மாதத் தவணை ஏறத்தாழ 507 ரிங்கிட். நிதி வருடந்தோறும் 5.5 சதவீதம் கொடுத்து, அதை எடுக்காமல் அங்கேயே விட்டுவைத்தால், 30 வருடம் கழித்து அந்த 1 லட்சம் ஏறக்குறைய 4,98,000 ஆகும். மொத்தமாகக் கட்டிய தவணை 1,82,400. பையன் துள்ளினான். “பார்த்தீர்களா பெரியப்பா, மூன்று லட்சத்துக்கு மேல் லாபம்!”

இந்த இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். அந்த 507 ரிங்கிட்டை மாதாமாதம் கட்ட உன்னால் முடியும் என்றால், கடனே வாங்காமல் அதே 507ஐ அதே நிதியில் மாதாமாதம் போட்டிருக்கலாமே? அப்படிப் போட்டால் எவ்வளவு வரும்? 4,51,000க்குச் சற்று மேல். ஆகக் கடன் வாங்கியதால் கூடுதலாகக் கிடைத்தது 47,000 ரிங்கிட் மட்டுமே. மீதி முழுவதும் சேமிப்பின் பலன், கூட்டு வட்டியின் பலன். அதற்குக் கடன் தேவையே இல்லை. 47,000 சிறு தொகை இல்லைதான். ஆனால் அது 30 வருடம் ஒரு வருடம்கூடத் தவறாமல் ஒரு சதவீத இடைவெளி இருந்தால் கிடைக்கும் தொகை.

இடைவெளி போய்விட்டால்? கடன் வட்டியும் 5, ஈவும் 5 என்று வையுங்கள். தவணை 537 ஆகிவிடும். கடன் வாங்கியவருக்கு 4,32,000. அதே 537ஐ மாதாமாதம் போட்டவருக்கு 4,38,000. கடன்காரர் கொஞ்சம் பின்தங்குகிறார். ஈவு 4.5ஆகக் குறைந்து கடன் வட்டி 5லேயே நின்றால், அவருக்கு 3,74,500. சேமித்தவருக்கு 4,01,000. இப்போது 26,500 நஷ்டம். இத்தனைக்கும் யூனிட்டின் விலை முழுக் காலமும் ஒரு ரிங்கிட்டாகவே இருந்திருக்கிறது! நஷ்டம் விலையில் வரவில்லை, இரண்டு வட்டிகளுக்கு நடுவே வந்தது.

அந்த இரண்டு வட்டிகளில் எதுவும் நம் கையில் இல்லை. கடன் வட்டி பெரும்பாலும் மாறும் வட்டி. மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தன் கொள்கை வட்டியை 2020 ஜூலையில் 1.75 சதவீதத்துக்கு இறக்கியது. 2023 மே மாதத்துக்குள் அதை 3 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டது. மூன்றே வருடத்தில் ஒன்றேகால் சதவீத ஏற்றம். கடன்காரர்களின் வட்டியும் அதோடு ஏறியது, நிதியின் ஈவு அந்த வேகத்தில் ஏறவில்லை. ஒரு சதவீத இடைவெளியை நம்பி முப்பது வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிலர் ஈவுத்தொகையை எடுத்தே தவணையைக் கட்டுகிறார்கள். முதல் வருடம் தவணை 6,080, ஈவு 5,500. கைக்காசு 580 போட்டால் போதும் என்பதால் இலவசம்போலத் தோன்றும். ஈவு ஒரு சதவீதம் குறைந்தால் அந்த 580 ஒரேயடியாக 1,580 ஆகிவிடும் என்பதை அப்போது யாரும் சொல்வதில்லை. மேலும், தவணை மாதந்தோறும் வந்து நிற்கும், ஈவு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். நடுவில் வேலை போனால் அந்தப் பதினோரு மாதங்களை எதை வைத்து ஓட்டுவது? ஐந்து வருடத்தில் கடனை முடித்து வெளியே வர நினைத்தால், அதுவரை 30,400 கட்டியும் அசலில் குறைந்தது 8,800 மட்டும் என்று தெரியவரும். கடனோடு காப்பீட்டையும் சேர்த்துத் தலையில் கட்டியிருந்தால் அதையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

கடனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். சேமிக்கிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டவர் மூன்றாம் மாதமே நிறுத்திவிடுவார். வங்கிக்குத் தவணை என்றால் கட்டியே தீருவார். அந்த நண்பருக்குக் கடன் ஒரு கட்டாய உண்டியலாகப் பயன்படுகிறது என்றால், அவருக்கு அது சரியாகவே இருக்கலாம்.

குறைந்த வட்டிக்கு வாங்கி அதிக வட்டிக்கு விடுவது நமக்குப் புதிய வித்தையா என்ன? செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பலவற்றின் அஸ்திவாரமே அதுதான். சொந்த முதலோடு, உறவினர்களும் பெண்மக்களும் நம்பிக் கொடுத்த மேம்பணத்தையும், வங்கிகளில் வாங்கிய கடனையும் சேர்த்துக் கடல் தாண்டி வட்டிக்கு விட்டார்கள். 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடியிலும் சென்னையிலும் பர்மாவின் ரங்கூனிலும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்தது என்றால், அந்த மூன்று ஊர்களுக்கு இடையே பணம் எப்படி ஓடியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே பர்மாவில்தான் பாடமும் கிடைத்தது. 1930இல் அரிசி விலை சரிந்தது. விவசாயிகளால் வட்டி கட்ட முடியவில்லை. அடமானமாக இருந்த நிலங்கள் வேண்டாம் என்றாலும் கைக்கு வந்து சேர்ந்தன. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930 வாக்கில் 6 சதவீத நிலம் நகரத்தாரிடம், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம், இருந்தது. 1930களின் இறுதியில் அது 25 சதவீதம். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது செல்வம். கொடுக்க வேண்டிய வட்டியை ரொக்கமாகக் கேட்பவர்கள் ஒருபுறமும், விற்க முடியாத நிலம் மறுபுறமுமாக மாட்டிக்கொண்டவர்களுக்கு அது பாரம். பிறகு 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1960களில் நாட்டுடைமை. அந்தக் கதை எல்லா வளவுகளுக்கும் தெரியும்.

விலை அசையாத யூனிட்டும் நமக்குப் புதிதில்லை. இந்திய யூனிட் டிரஸ்ட் 1964இல் தொடங்கிய யூனிட் 64 திட்டத்தை நினைவிருக்கிறதா? 10 ரூபாய் முகமதிப்பு. விற்பனை விலையையும் திரும்ப வாங்கும் விலையையும் நிறுவனமே அறிவிக்கும், சந்தை மதிப்போடு அதற்கு நேரடித் தொடர்பு கிடையாது. ஜூலையில் விலை குறைவு என்று காத்திருந்து வாங்குவார்கள். ஓய்வுபெற்றவர்கள் அதை வங்கி வைப்பைப்போலவே நம்பினார்கள். உள்ளே இருந்த பங்குகள் அறிவித்த விலைக்குப் பெறுமானம் இல்லாமல் போனபோது, 2001 ஜூலை 2ஆம் தேதி விற்பனையும் திரும்ப வாங்குதலும் ஆறு மாதத்துக்கு நிறுத்தப்பட்டன. அதற்கு முந்தைய மாதங்களில் பெரிய நிறுவனங்கள் பெருந்தொகையை எடுத்துக்கொண்டு வெளியேறியிருந்தன. அடுத்த ஜனவரியில் சந்தை மதிப்புக்கு மாற்றியபோது விலை 10 ரூபாய்க்கும் கீழே. சிறு முதலீட்டாளர்களுக்கு அரசு கை கொடுத்தது. அப்போது கடன் வாங்கி அந்த யூனிட்டை வாங்கியிருந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள்: அவருடைய யூனிட் முடங்கிக் கிடக்கும், வட்டி முடங்காது. மலேசிய நிதிக்கு அப்படி நேர்ந்ததில்லை, நேரும் என்று நான் சோதிடம் சொல்லவும் இல்லை. அசையாத விலைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் எனக்கு அந்த ஜூலையில் வந்தது.

இங்கேயும் இதன் சின்ன வடிவம் நடக்கிறது. நகையை வங்கியில் வைத்து, அந்தப் பணத்தை யாரோ சொன்ன ‘மாதம் இவ்வளவு நிச்சயம்’ திட்டத்தில் போடுவது. நகைக்கடன் வட்டியைவிட வைப்பு வட்டி குறைவாகத்தான் இருக்கும். வங்கி அந்த வித்தியாசத்தில்தானே நடக்கிறது? அதைத் தாண்டி ஒருவர் நிச்சயமாகத் தருகிறேன் என்றால், எதைச் செய்து தருகிறார் என்று முதலில் கேட்க வேண்டும். இதைப் பற்றி நீட்டி எழுத எனக்குப் பொறுமை இல்லை. செய்யாதீர்கள்.

இனி ஆச்சியின் கேள்வி. பையன் பூமிபுத்ரா இல்லை. நண்பருக்குக் கிடைத்த நிதியும் அதற்கென்றே உள்ள கடனும் அவனுக்கு இல்லை. அவன் யோசித்தது என்னவென்றால், சாதாரணத் தனிநபர் கடன் வாங்கி அமானா சஹாம் மலேசியாவில் போடுவது. ஒரு வங்கி 10 வருடத்துக்கு 5 சதவீதம் என்று சொல்லியிருந்தது. காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். பிளாட் வட்டி! அதாவது, கடனைக் கட்டக் கட்டப் பாக்கி குறைந்தாலும், பத்து வருடமும் முழு முதலுக்கே வட்டி. 1 லட்சத்துக்கு வருடம் 5,000 வீதம் பத்து வருடத்துக்கு 50,000. ஆக 1,50,000ஐ 120 மாதங்களால் வகுத்து மாதம் 1,250. குறைகிற பாக்கிக்கு வட்டி என்ற முறையில் இதைத் திருப்பிப் போட்டால் வட்டி 5 இல்லை, ஏறத்தாழ 8.7 சதவீதம். 8.7க்கு வாங்கி ஐந்தரைக்குப் போடுவதாகத்தான் அவன் திட்டம் இருந்தது.

அவன் கைபேசியில் இரண்டு முறை போட்டுப் பார்த்தான். பிறகு எழுந்து இரண்டாங்கட்டுக்குப் போனான். “ஆச்சி, முழு முதலுக்குத்தான்” என்று அவன் சொன்னதும், அவர் வாழைக்காயிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “பிறகு எதற்கு இவ்வளவு நேரம் பேசினீர்கள்?” என்றார்.

ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்து அழைத்தான். கடன் வாங்கவில்லையாம். சம்பளத்திலிருந்து மாதம் 1,250 போடலாம் என்று மூன்று முறை போனானாம், மூன்று முறையும் யூனிட் தீர்ந்துவிட்டதாம். அதுவரை பணம் சேமிப்புக் கணக்கில்தான் கிடக்கிறது.